வீடு கட்டுமுன் பொறியாளரை அமர்த்துதல்

நம் அங்கத்தினர்கள் வீடு கட்டத் தொடங்கும் முறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கடன் மனு அனுமதியானதும் முதலில் மேஸ்திரி அழைக்கப்படுகிறார். அடுத்து நாள் பார்த்துச் சொல்லும் சோதிடர். அவருக்குப் பின் செங்கற் சூளைக்காரர். பொறியாளர் என்று ஒருவர் உண்டு என்பது உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடம் கேட்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அப்போதும் அவரிடமிருந்து நாம் பெறுவது ஒரு கையெழுத்தும் சில பிரதிகளுமே. அந்தப் படம் அலுவலகக் கோப்பில் சேர்ந்துவிடுகிறது. வீடோ மேஸ்திரியின் மனத்திலுள்ள வேறொரு படத்தின்படி எழும்புகிறது. இவ்வாறு மிச்சமாகும் தொகை எதற்குரியது, அதை மிச்சம் பிடிப்பதால் நாம் இழப்பது யாது என்பதைச் சற்று விரிவாகக் கவனிப்போம்.

என் குடும்பத்து அனுபவத்தை முதலில் கூறிவிடுகிறேன். 1987-ஆம் ஆண்டில் எங்கள் ஓட்டு வீட்டின் முன்பகுதியை இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டுக் கட்டினோம். பொறியாளர் எவரையும் அமர்த்தவில்லை. எங்கள் மேஸ்திரி நேர்மையானவர். சுவர் எழுப்புவதிலும் பூச்சு வேலையிலும் அவருக்கு நிகரானவர் எங்கள் ஊரில் அக்காலத்தில் இல்லை. தெருப்பக்கத்து ஜன்னலுக்கு மேல் இரண்டடி அகலத்தில் சன்ஷேடு போட்டார். அதன் நிழலில் உட்கார்ந்துதான் என் தமையனாரின் மகள் ராட்டினத்தில் தார் சுற்றுவது வழக்கம். முட்டுக்களை நீக்கிச் சில நாட்கள் சென்ற பிறகு, ஒரு பகற்பொழுதில், அந்தச் சன்ஷேடு சுவரை ஒட்டி முறிந்து அப்படியே கீழே விழுந்தது. பெண் கஞ்சி குடிக்க உள்ளே போயிருந்தாள். ராட்டினம் நொறுங்கிக் கிடந்தது.

உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்தோம். கம்பி இருந்தது; போதுமான கனத்திலும் இருந்தது. ஆனால் மேற்புறத்தில் இருக்க வேண்டிய அது அடிப்புறத்தில் கிடந்தது. கம்பி கட்டியவர் சரியாகவே கட்டினாரோ, கான்கிரீட் கொட்டும்போது சித்தாட்கள் மிதித்துக் கீழே அழுந்திவிட்டதோ, யாராலும் சொல்ல இயலவில்லை. அன்றைக்குக் கம்பியைப் பார்ப்பதற்கென்று அங்கே யாரும் நிற்கவில்லை என்பதே உண்மை.

கம்பி மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று கேட்கலாம். நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. பாவு நூல் இழுப்பைத் தாங்கும். இரு முனையிலிருந்தும் அழுத்தினால் தொய்ந்துவிடும். கல்லின் குணம் இதற்கு நேர்மாறானது. கல் பெரும் அழுத்தத்தையும் தாங்கி நிற்கும், இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். கான்கிரீட்டும் ஒருவகைக் கல்லே. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்த அளவாக ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு விதித்தது எம்-20 என்ற ரகம். அது 28 நாட்கள் முதிர்ந்த பின் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இழுவிசையிலோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே அது ஈடுகொடுக்கும். அந்தக் குறையை நிரப்பவே கம்பி வைக்கிறோம். கான்கிரீட் ஊடை என்றால் கம்பி பாவு எனலாம். எங்கே இழுப்பு உண்டோ அங்கே அது இருந்தாக வேண்டும்.

இரு சுவர்களின் மேல் கிடக்கும் தளம், பாரத்தினால் நடுவில் கீழ்நோக்கி வளையப் பார்க்கும். அப்போது அதன் அடிப்புறம் இழுபடும். ஆகவே கம்பி அடியில் இருக்கும். சன்ஷேடும் உப்பரிகையும் சுவரிலிருந்து ஒரே பக்கமாக நீண்டு நிற்பவை. அவற்றின் நுனி தொங்கப் பார்க்கும்போது மேற்புறம் இழுபடும். ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். இரண்டங்குல இடமாற்றந்தான், ஒன்று நூறாண்டு நிற்கும், மற்றது முட்டு நீக்கிய சில நாட்களில் விழும். பூசி முடித்த பிறகு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். சுவர் சாய்ந்திருந்தால் தூக்குக் குண்டு காட்டிக் கொடுக்கும்; பூச்சு சரியில்லை என்றால் கண்ணே சொல்லிவிடும். கம்பி ஒன்றுதான் மறைந்து போகிற வேலை. மேஸ்திரியின் கைத்திறனைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. மறைந்து போகிற வேலைக்குக் கணக்கும், மறையுமுன் பார்க்கும் ஒரு கண்ணும் வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

யார் யார், எதற்கு?

கட்டடக்கலைஞர், பொறியாளர், ஒப்பந்தக்காரர் ஆகிய மூவரையும் நம்மில் பலர் ஒருவராகவே எண்ணிக்கொள்கிறோம். அறைகள் எப்படி அமைய வேண்டும், காற்றும் வெளிச்சமும் எவ்வழி வரவேண்டும், மனையில் வீடு எங்கே நிற்க வேண்டும் என்று திட்டமிடுபவர் கட்டடக்கலைஞர். அந்த வீடு எதன்மேல் நிற்கும், தூண் எவ்வளவு, உத்தரம் எவ்வளவு, கம்பி எங்கே என்று கணக்கிடுபவர் கட்டுமானப் பொறியாளர். ஆட்களையும் பொருள்களையும் கொண்டு அதைக் கட்டி முடிப்பவர் ஒப்பந்தக்காரர்.

ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, அதற்கான மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அச்சட்டம் பெயரைத்தான் காக்கிறதேயன்றி, பிறர் வரைபடம் தயாரிப்பதைத் தடுக்கவில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே பலகையில் அப்பெயரைக் கண்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள்; நல்லவர் எவரும் அதற்காக வருந்தமாட்டார். பொறியாளர்களைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அதிகாரிகளிடம் தகுதி காட்டிப் பதிவு செய்துகொள்ளும் முறை உண்டு. அந்தப் பதிவையும் கேட்டுப் பார்க்கலாம்.

நம் போன்றோரின் சிறு வீட்டுக்கு இருவரும் தேவையா? எல்லோருக்கும் தேவை என்று நான் கூற மாட்டேன். இரண்டு அறை வீட்டுக்கு அனுபவமுள்ள ஒரு பொறியாளரே இரு வேலைகளையும் பார்த்துவிடக்கூடும். ஆனால் கட்டடக்கலைஞர் என்றாலே பங்களாக்காரர்களுக்கு உரியவர் என்ற எண்ணம் சரியன்று. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-இல் அங்கேயே மறைந்த லாரி பேக்கர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவு குறைந்த வீடுகளுக்கே செலவிட்டார். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அவர் எழுப்பிய சுவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிச்சமாயிற்று. நடுவிலுள்ள காற்று வெயிலையும் ஓரளவு தடுத்தது. தளத்தின் அடிப்புறக் கான்கிரீட் இழுப்புக்கு உதவாது என்று மேலே பார்த்தோம் அன்றோ? கம்பிகளுக்கு இடைப்பட்ட அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துச் சிமெண்டை மிச்சப்படுத்தும் முறையையும் அவர் பரப்பினார். இதைப் படித்துவிட்டு மேஸ்திரியிடம் ஓடு வைக்கச் சொல்லிவிடாதீர்கள். எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்பது கணக்கைப் பொறுத்தது. சிக்கனமும் படித்தவர் கையில்தான் பத்திரமாக இருக்கும் என்பதற்காகவே இதைக் கூறினேன்.

பொறியாளருக்குத் தறி தெரியாது

அமர்த்திவிட்டால் மட்டும் போதாது. அவரிடம் நாம் பேச வேண்டும். பல அங்கத்தினர்கள் அவர் முன்னே கைகட்டி நின்று, "தாங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று கூறிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர் படித்த கல்லூரியில் குழித்தறியைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் வீடு வெறும் குடியிருப்பு மட்டுமன்று; அது தொழிற்சாலையும் கிடங்கும் ஆகும். அதைச் சொல்ல வேண்டியவர் நாமே.

எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் தூண்கள் எழுப்பிய புதிய முறையில் வீடு கட்டிக் குடிபுகுந்தார். பின்னர்த் தறி அமைக்கக் குழி தோண்டியபோது, தரைக்குச் சற்றுக் கீழே ஒரு கான்கிரீட் உத்தரம் அறைக்குக் குறுக்கே ஓடக் கண்டார். தூண்களை ஒன்றோடொன்று பிணைப்பதற்காகப் போடப்பட்ட உத்தரம் அது. மிதிகட்டைகள் இறங்க வேண்டிய இடத்தில் சரியாக அது கிடந்தது. அதை வெட்டி எடுத்துவிடலாமா என்று ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்! நல்ல வேளையாக யாரோ தடுத்தார்கள். தறியை அறையின் மூலைக்கு நகர்த்தினார். அங்கே வெளிச்சம் இல்லை. பகலிலும் விளக்கெரிய நெய்கிறார். வரைபடம் போடும்போதே தறி இங்கே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த உத்தரத்தை வேறு வழியில் கொண்டு போவதில் பொறியாளருக்கு ஒரு சிரமமும் இருந்திராது.

ஆகவே முதல் சந்திப்புக்குப் போகுமுன் தறியை அளந்துகொள்ளுங்கள். அகலம், பாவு நீட்டிக் கட்டும் நீளம், குழியின் ஆழம், ஜக்கார்டு பெட்டி உள்ள தறியாயின் தரையிலிருந்து அதன் உச்சி வரை உள்ள உயரம் ஆகிய யாவும் எழுத்தில் இருக்கட்டும். குடியிருப்பு அறைகளுக்கு வழக்கமாக வைக்கும் பத்தடி உயரம் ஜக்கார்டுத் தறிகள் சிலவற்றுக்குப் போதாது. வெளிச்சம் நெய்பவரின் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னலில் ஆண்டின் பெரும்பகுதியும் நேர்வெயில் படாத, நிலையான வெளிச்சம் கிடைக்கும். சாய நூலும் வெளுக்காது. மழைக்காலத்தில் உங்கள் மனையில் நீர் எவ்வளவு மேலே ஏறி வருகிறது என்பது மிக முக்கியம். குழி ஈரம் கசிந்தால் கயிறுகள் இற்றுப்போகும். பட்டுப் பாவாயின் கேட்கவே வேண்டாம். தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துவது, குழிக்கு நீர்புகாப் பூச்சு வேண்டுமா என்று அவர் அப்போதே தீர்மானிக்க முடியும். விசைத்தறியை மாடியில் வைக்கும் உத்தேசம் இருந்தால் அதைக் கட்டாயம் முன்கூட்டியே கூற வேண்டும். அதன் அதிர்வு சாதாரண வீட்டுத் தளத்துக்குக் கணக்கிடப்பட்டதன்று.

விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு கணக்கு. குடியிருப்பு அறையின் தளத்தைக் கணக்கிடும்போது, மனிதரும் தட்டுமுட்டுச் சாமான்களுமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்வது வழக்கம். அதாவது பத்து, பதினொரு சதுர அடி இடத்தில் மூன்று பெரியவர்கள் நிற்கும் பாரம். வாழ்வதற்கு அது தாராளமே. நெல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 580 கிலோ எடையுள்ளது. மூட்டைகளை ஆளுயரத்துக்கு, அதாவது ஆறடிக்கு நெருக்கி அடுக்கினால் சதுர மீட்டருக்கு 1,000 கிலோ வரை ஏறிவிடும். தளம் கணக்கிடப்பட்ட பாரத்தைப் போல் ஐந்து மடங்கு அது. விலை ஏறட்டும் என்று மஞ்சளையும் நெல்லையும் மாடி அறையில் அடுக்கிவிட்டு, அதற்குக் கீழேயே குடும்பத்தோடு படுத்துறங்குகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தளம் உடனே விழுந்துவிடும் என்பதில்லை. நடுவில் தொய்ந்து, அடியில் வெடிப்புக் காட்டி, உள்ளே கம்பி துருவேறத் தொடங்கும். கிடங்குக்கென்று முன்பே சொல்லியிருந்தால் அந்த ஓர் அறையின் தளத்தை மட்டும் கனமாக்கிக் கம்பியைக் கூட்டியிருப்பார்கள், அல்லது கிடங்கைக் கீழே கொண்டுவந்திருப்பார்கள். கூடுதற் செலவு மிகப் பெரிதாயிராது.

அடுத்தது மண். செம்மண்ணிலும் சரளையிலும் வீடு கட்டுபவருக்குக் கவலை குறைவு. கரிசல் நிலத்தார் நிலை வேறு. கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி வைத்த கடைக்கால் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்புக்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். எத்தனை முறை பூசினாலும் அடுத்த சித்திரையில் அவை திரும்ப வாய்திறக்கும். சுமார் 3.5 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பருவத்தின் ஈரமாற்றம் அதிகம் எட்டுவதில்லை. அவ்வளவு ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் துளையின் அகலத்தைப் போல் இரண்டரை மடங்குக்குக் குடைந்து, குமிழ் போல் விரிந்த கான்கிரீட் கால்களை நிறுத்தும் முறை ரூர்க்கி நகரிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பால் நம் நாட்டில் பரவிற்று. பக்கத்து வீட்டுக்காரர் நாலடி தோண்டினார், நமக்கும் நாலடி போதும் என்று முடிவு செய்வதற்கு முன், குழியைத் திறந்து மண்ணைப் பொறியாளரிடம் காட்டுங்கள். பக்கத்து மனை பழைய கிணற்றைத் தூர்த்த இடமாயிராது. உங்களுடையது அவ்வாறு இருக்கலாம்.

கூலியும் ஒப்பந்தமும்

ஊதியம் மூன்று வகையாகப் பேசப்படுகிறது: கட்டடச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்றும், சதுர அடிக்கு இவ்வளவு என்றும், மொத்தமாக ஒரு தொகை என்றும். எதுவாயினும், அந்தத் தொகைக்கு என்னென்ன தருவார், எத்தனை முறை வேலையிடத்துக்கு வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக்கான படம் மட்டும் ஒரு விலை. கட்டுவதற்கான படங்கள் வேறு. பின்னதில் கடைக்கால் விவரம், தூண், உத்தரம், தளம் ஒவ்வொன்றின் கம்பி விவரம், எந்தக் கம்பி எத்தனை, எவ்வளவு நீளத்தில் வெட்டி எப்படி வளைப்பது என்ற பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் கம்பிக் கடையில் எவ்வளவு வாங்குவது என்பது நமக்கே தெரியும். பட்டியல் இல்லாத வேலையில் மேஸ்திரி பயத்தினால், தேவையற்ற இடத்தில் கம்பியை வாரி இறைப்பதும் உண்டு. தேவையான இடத்தில் குறைந்துபோவதும் உண்டு. மிஞ்சிய கம்பியின் விலையே பல வேளைகளில் பொறியாளரின் ஊதியத்தை எட்டிப் பிடித்துவிடும். பணத்தை ஒரே தவணையில் கொடாமல், படம் கைக்கு வந்ததும் ஒரு பகுதி, கடைக்கால் முடிந்ததும் ஒரு பகுதி, தளம் போட்டதும் ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

சிற்றூர்களில் பொறியாளரே ஒப்பந்தக்காரராகவும் இருப்பார். "வரைபடத்துக்குத் தனியே பணம் வேண்டாம், வேலையை என்னிடமே கொடுங்கள்" என்பார். அவர் நாணயமானவராகவே இருக்கட்டும். ஆயினும் நூல் எடை போடுகிறவரே கணக்கும் எழுதினால் நம் சங்கத்தில் ஒப்புக்கொள்வோமா? கட்டுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் மற்றொருவர் என்று இருப்பதுதான் முறை. அவரிடமே வேலையைக் கொடுத்தாலும், வேறொரு பொறியாளரைச் சில நாட்களுக்கு மட்டும் வந்து பார்க்கும்படி தனியே பேசிக்கொள்ளலாம்.

அந்த நாட்கள் ஐந்துதான். கடைக்கால் குழி திறந்த நாள். கடைக்காலில் கம்பி கட்டி முடித்த நாள். தூண்களுக்கும் தரைமட்ட உத்தரத்துக்கும் கம்பி கட்டிய நாள். லிண்டலும் சன்ஷேடும் போடும் நாள். தளத்துக்குக் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்திய நாள். மற்ற நாட்களில் அவர் வராவிட்டாலும் பெரிய தீங்கில்லை. இந்த ஐந்து நாட்களும் அவர் பார்த்துச் சரியென்று கூறும் வரை கலவை போடக்கூடாது என்பதை மேஸ்திரியிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கம்பி கட்டிய நிலையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நன்று. பத்தாண்டு கழித்து மாடி எழுப்ப நினைக்கும்போது அந்தப் படங்களின் அருமை தெரியும்.

2011-இல் நான் மறுபடி வீடு கட்டியபோது இவ்வாறே செய்தேன். தளம் போடுவதற்கு முந்திய நாள் பொறியாளர் வந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எனினும் மறுநாட் காலையும் சொல்லாமலே வந்து நின்றார். குழாய் போட்ட ஆட்கள் இடையில் ஏறி நடந்ததில் உப்பரிகையின் மேற்கம்பி முழுவதும் கீழே படுத்துவிட்டிருந்தது. கலவை எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது ஆட்கள் சட்டியோடு நிற்கிறார்கள். அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நாற்காலி போல் வளைத்த சிறு கம்பிகளை அடியில் கொடுத்து, மேற்கம்பியைத் தூக்கி நிறுத்தி, மறுபடி கட்டி முடிக்க நண்பகல் ஆயிற்று. இருபது பேருக்கு அரைநாட் கூலி வீண். எனக்குக் கோபமாகவே இருந்தது. மேஸ்திரிக்கு என்னிலும் அதிகம். பழைய ராட்டினம் என் நினைவுக்கு வந்தது மாலையில்தான்.

அவர் பார்த்துச் சென்ற பின் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தளத்தில் 20 மில்லிமீட்டர், உத்தரத்தில் 25, தூணில் 40, கடைக்காலில் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் அதை மூடி நிற்க வேண்டும். கடற்கரை ஊர்களில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். அதற்கெனச் சிறு காரைக் கட்டைகளை அடியில் வைப்பார்கள். கலவையில் ஒரு மூட்டைச் சிமெண்டுக்குத் தண்ணீர் 27 முதல் 30 லிட்டருக்குள் அடங்க வேண்டும். மணல் ஈரமாயிருந்தால் இன்னும் குறைவு. சுலபமாக ஓட வேண்டும் என்று ஆட்கள் குடத்தைச் சாய்ப்பதைத் தடுக்க வேண்டியவர் வீட்டுக்காரரே. சாதாரணச் சிமெண்டாயின் நாலரை மீட்டருக்குட்பட்ட தளத்தின் முட்டுக்களை 7 நாட்களுக்குப் பின்னும், அதற்கு மேற்பட்டதை 14 நாட்களுக்குப் பின்னும் எடுக்கலாம் என்பது தர நிர்ணயம் கூறும் குறைந்த அளவு. சாம்பல் கலந்த சிமெண்டு மெதுவாக இறுகும். பொறியாளர் நாள் சொல்லட்டும். சன்ஷேட்டுக்கு முட்டெடுக்குமுன் அதன் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் சுவர் மேலே எழும்பியிருக்க வேண்டும். எடுக்கும்போதும் நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வரவேண்டும். தண்ணீர் விட்டு நனைத்து வைப்பது குறைந்தது 7 நாட்கள். நம் வெயிலுக்குப் பத்தும் பதினான்கும் நல்லது.

இன்னொரு செய்தியையும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் இணைய வழியே உடனுக்குடன் அனுமதி கிடைக்கும் முறையைத் தொடங்கியது. அலுவலகப் படிகளில் காத்துக் கிடந்த நமக்கு இது பெரிய வசதி. அதே வேளையில், சான்று அளிப்பவர் வீட்டுக்காரர் என்பதையும் மறக்கலாகாது. விதிப்படி கட்டுவேன் என்று கையெழுத்திடும் நாம், கட்டுவதை மேற்பார்க்கத் தக்கவரை வைத்துக்கொள்வது முன்னிலும் அவசியமாகிறது.

குறை நேர்ந்தால் வழியில்லாமலும் இல்லை. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் சேவையே என்று 1993-இல் உச்சநீதிமன்றம், லக்னோ வளர்ச்சி ஆணையத்தைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் ஆணையத்தின் முன் போய் நிற்பவரிடம் ஒப்பந்தம், ரசீது, கையெழுத்திட்ட படம் ஆகியவை இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் கட்டிய வீட்டுக்கு வாய்ப்பேச்சுத்தான் மிஞ்சும்.

ஒரு வீட்டுக்கு ஐந்து முறை வந்துபோக வெளியூர்ப் பொறியாளர் கேட்கும் தொகை சிலருக்கு அதிகமாகத் தோன்றலாம். ஒரே தெருவில், ஒரே பருவத்தில் கட்டத் தொடங்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவரை அமர்த்தினால் வழிச்செலவு பங்காகிவிடும். மண்ணும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் அவர் வேலையும் சற்றுக் குறையும். படம் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும், ஏனெனில் ஒருவர் தறிபோடுவார், ஒருவர் மூட்டை அடுக்குவார். தை பிறந்ததும் வேலை தொடங்க எண்ணுவோர் ஐப்பசியிலேயே கூடிப் பேசிக்கொண்டால்தான் இது கூடிவரும். வாய்க்காலில் நீர் நிற்கும் கார்த்திகை மாதத்தில் அவரை அழைத்து வந்து மனைகளைக் காட்டினால், தரைமட்டத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதை அந்தத் தண்ணீரே சொல்லிவிடும்.